பரிவு மையத்தின் மிகச் சிறந்த வாடிக்கையாளர்

ட்ராயிங்காரருடைய கம்ப்யூட்டர் முதல் தடவை விழுந்தபோது அவர் ஒரு கூரையின் ஓரக்கோட்டை இழுத்துக்கொண்டிருந்தார். கோடு பாதி தூரம் போனது. திரை நீலமாகி, பிறகு கறுத்தது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த விசிறி பெருமூச்சு விட்டு நின்றது. மறுபடி உயிர் வந்தபோது கோடும் இல்லை, கூரையும் இல்லை, கூரைக்குக் கீழே அவர் பார்த்துப் பார்த்து வரைந்து வைத்திருந்த கட்டடமும் இல்லை. கோப்பின் பெயர் மட்டும் இருந்தது. திறந்தால் வெள்ளை வெளேரென்று வெறும் தாள். அதன் நடுவில் ஒரு சிறிய பெட்டி.

“உங்கள் கணினி எதிர்பாராத ஓய்வு எடுத்துக்கொண்டது. என்ன நடந்தது என்று எங்களிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். நாங்கள் இருக்கிறோம். – பரிவு மையம்.”

இந்த மாதிரிப் பெட்டியைப் பார்க்கிற எல்லோரும் என்ன செய்வார்கள்? ‘வேண்டாம்’ என்பதை அமுக்கிவிட்டு, கம்ப்யூட்டர் செய்தவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ட்ராயிங்காரர் அந்த ரகம் இல்லை. ஒருவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அதுவும் முழுசாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற மனிதர். காலமெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவருக்குப் பதிலிலும் அளவு பிசகக் கூடாது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ‘வணக்கம்’ என்று தொடங்கி, எந்தக் கோட்டை எந்தப் பக்கமிருந்து இழுத்தார், அப்போது விசிறிச் சத்தம் எப்படி இருந்தது, அறையில் புழுக்கமா இல்லையா, கூடவே வேறென்ன திறந்திருந்தது என்று எல்லாவற்றையும் எழுதி, ‘தங்கள் முயற்சிக்கு நன்றி’ என்று முடித்து, ‘அனுப்பு’ என்பதை அமுக்கினார். அமுக்கியதும் மனசுக்கு லேசாக இருந்தது. பாவம், எந்தக் குழியில் கால் வைத்தோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ட்ராயிங்காரர் வீட்டிலிருந்தபடியே இன்ஜினியர்களுக்குப் படம் வரைந்து கொடுக்கிறவர். ஊரில் பாதிக் கட்டடம் அவர் கையால் வரைந்தது. ஆனால் ஒரு படத்தில்கூட அவர் பெயர் கிடையாது. கீழே கையெழுத்துப் போடுவது இன்ஜினியர். அது தொழில் வழக்கம், அதில் அவருக்குப் பெரிய வருத்தமும் இல்லை என்றுதான் சொல்லிக்கொள்வார். மனைவிக்கு பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலை. அங்கே இருக்கிற காத்திருப்புக் கூடத்தைப் பற்றி அந்த அம்மாள் குறைப்படாத நாளே கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்தால் வருகிற பஸ் தெரியாது, நின்றால் வெயில், ஒதுங்கினால் சாரல், பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறவளுக்குச் சாய ஒரு தூண் கிடையாது.

அப்படியிருக்க, அந்தக் கூடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக நகராட்சி அறிவித்தது. யார் வேண்டுமானாலும் படம் வரைந்து அனுப்பலாம், தேர்வாகும் படத்தின்படியே கட்டுவோம், வரைந்தவர் பெயரைச் சுவரில் பொறிப்போம் என்றார்கள். கம்ப்யூட்டரில் வரைந்த படம்தான் வேண்டும், கடைசி நாள் மாலைக்குள் வந்து சேர வேண்டும் என்பது நிபந்தனை. ட்ராயிங்காரர் மனைவியின் குறைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டார். பெஞ்சைத் திருப்பிப் போட்டார். கூரையை இறக்கினார். தூண்களைப் பிள்ளைக்காரிகள் சாயத் தக்கபடி அகலப்படுத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தின் மூலையில் தன் பெயரைத் தானே எழுதிப் பார்த்தார். எழுதிவிட்டு வெட்கப்பட்டு எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினார். அந்தப் படம்தான் போனது.

மறுபடி வரைந்தார். மறுபடி விழுந்தது. பெட்டி வந்தது, எழுதினார், அனுப்பினார். அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர் கம்பெனியின் அந்தப் பரிவு மையத்துக்கு போன் செய்தார்.

பரிவு மையத்துக்கு போன் செய்தால் முதலில் ஒரு பாட்டு. பிறகு, “உங்கள் பொறுமை எங்கள் பெருமை” என்று ஒரு குரல். பிறகு அதே பாட்டு. அடுப்பில் இருப்பது தீய்ந்து, அதை இறக்கி, வேறு வைத்து, அதுவும் கொதித்த பிறகு ஒரு பெண் பேசினாள்.

“வணக்கம் சார், பரிவு மையம். உங்க மனசுல என்ன கஷ்டம்?”

“மனசுல ஒண்ணும் இல்லம்மா. கம்ப்யூட்டர் விழுந்து விழுந்து போகுது.”

“விழுந்துச்சுன்னு சொல்லக் கூடாது சார். ஓய்வு எடுத்துக்கிச்சுன்னு சொல்லணும்.”

“சரிம்மா, ஓய்வு எடுத்துக்குது. என் படத்தையும் தூக்கிட்டுப் போய் ஓய்வு எடுக்குது.”

“கவலையே படாதீங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?”

“அதுவே ஆஃப் ஆகி அதுவே ஆன் ஆகுதும்மா. எனக்கு அதுல வேலையே இல்ல.”

“அது பண்றது கணக்குல வராது சார். நீங்க பண்ணணும்.”

அவர் செய்தார். அவள் சொன்னபடி கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றித் தூசி தட்டினார். உள்ளே செருகியிருந்த நினைவு அட்டைகளைப் பிடுங்கி, துடைத்து, திரும்பச் செருகினார். வயரை மாற்றினார். மின்சாரம் சீராக வருகிறதா என்று பார்க்க ஆள் கூட்டிவந்தார். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக எழுந்து உட்காரும், கூரைக்கோடு வரைக்கும் வரும், விழும். பென்டிரைவில் ஒரு நகல் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, “ஐயையோ, வெளிப்பொருள் எதையும் செருகிடாதீங்க, உத்தரவாதம் ரத்தாயிடும்” என்றாள். அவர் இருந்த ஒரு பென்டிரைவையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பெண் நல்ல மாதிரியாகப் பேசினாள். எப்போது கூப்பிட்டாலும் அவளே வந்தாள். கொஞ்ச நாளில் ‘சார்’ போய் ‘அண்ணே’ ஆனது, அவரும் ‘தங்கச்சி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். கூடப்பிறந்தவள் இல்லாத மனிதர். “நேத்து தூங்குனீங்களாண்ணே?” என்று அவள் கேட்டால் போன் செய்த காரணமே அவருக்கு மறந்துபோகும்.

“கம்ப்யூட்டரை வேற எங்கயாவது குடுத்துப் பாக்கலாமே” என்றாள் மனைவி, வேலைச் சீருடையோடு வாசலில் நின்றபடி. “எங்க டிப்போ பக்கத்துல ஒருத்தர் கடை வெச்சிருக்காரு. நல்லா பாப்பாராம்.”

ட்ராயிங்காரர் அதைத் தங்கச்சியிடம் சொன்னார்.

“அண்ணே, வெளிய குடுத்துடாதீங்கண்ணே. என்னை நம்புங்க. நீங்க அனுப்புற ஒவ்வொரு எழுத்தையும் நாங்க இங்க உக்காந்து படிக்கிறோம். இன்னும் ரெண்டே நாள்ல சரியாயிடும்.”

“படிக்கிறீங்களா?”

“வரிவரியா படிக்கிறோம்ணே. எங்க மேலதிகாரி உங்க எழுத்தை எல்லாருக்கும் படிச்சுக் காட்டுறாரு.”

இதைக் கேட்டு அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வரைந்த எதையும் யாரும் இப்படிப் பாராட்டியது கிடையாது. அன்றிலிருந்து அறிக்கையை இன்னும் அக்கறையாக எழுதினார். எழுதுவதற்கு முன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த ரெண்டு நாள் இன்னும் ரெண்டு ரெண்டு நாளாக நீண்டுகொண்டே போய், கடைசியில் மையத்திலிருந்து ஓர் ஆய்வாளர் நேரில் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கையில் சுத்தியல் இல்லை, திருகுளி இல்லை, ஒரு பேனா மட்டும் இருந்தது.

“நான் ரிப்பேர் பண்றவன் இல்ல. நான் பாக்கிறவன்” என்றார் வந்தவுடனேயே. “ஓய்வு என் கண் முன்னாடி நடக்கணும். நடந்தா நடந்துச்சுன்னு எழுதுவேன். நடக்கலைன்னா எப்பவுமே நடக்கலைன்னு எழுதுவேன்.”

“இதுக்கு முன்னாடி நடந்தது?”

“அது நான் பொறக்குறதுக்கு முன்னாடி நடந்த மாதிரி சார். வரலாறு. எங்க துறை இல்ல.”

ஆய்வாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ட்ராயிங்காரர் வரைய ஆரம்பித்தார். சுவர் எழுந்தது, தூண் எழுந்தது, கூரைக்கோடு வந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. கம்ப்யூட்டர் அசையவில்லை. அவர் அழாத குறை. மடமடவென்று பெஞ்சுகளை வரைந்தார். நுழைவாயிலை வரைந்தார். ஆய்வாளர் கொட்டாவி விட்டு எழுந்தார்.

“சார், இன்னும் கொஞ்ச நேரம் உக்காருங்க. கழிவறை மட்டும் பாக்கி.”

“நலம்னு எழுதியாச்சு.”

“தினமும் வந்து சும்மா உக்காந்தாக்கூடப் போதும் சார். காபி போட்டுத் தரேன். நீங்க இருந்தா அது பயப்படுது.”

“அதுக்கு வேற பிரிவு இருக்கு” என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் இறங்கிப் போனார். வெளிக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரை நீலமானது. ட்ராயிங்காரர் வாசலுக்கு ஓடிக் கத்தினார். ஆய்வாளர் தெருமுனையில் திரும்பி நின்று, பேனாவை உயர்த்திக் காட்டினார். எழுதினது எழுதினதுதான் என்று அதற்கு அர்த்தம்.

“அவரை இங்கயே தங்க வெச்சிருக்கலாம்” என்றாள் மனைவி. “ஒரு பாய், ஒரு தலகாணி. வீட்டோட மாப்பிள்ளை மாதிரி இருந்துட்டுப் போறாரு.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் போகிற போக்கில் சுவரில் தொங்கிய நாட்காட்டியை ஒரு தடவை பார்த்தாள். அவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

கம்ப்யூட்டர் நலம் என்று சான்று வந்துவிட்டதால் கோளாறு இனி மனிதரிடம்தான் இருக்க முடியும் என்று மையம் முடிவுகட்டியது. அவரைப் பயனர் ஒழுங்கு வகுப்புக்கு வரச் சொன்னார்கள். அங்கே அவரைப் போலவே முகம் வாடிய கூட்டம் ஒன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பயிற்சி அதிகாரி கணீரென்று பேசினார்.

“கணினி விழுவதே இல்லை! நாம்தான் அது நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று பேராசைப்படுகிறோம். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் களைத்து உட்கார்ந்தால் உதைப்பீர்களா? எங்கள் நிறுவனத்தில்கூட ஊழியர்கள் நாள் முழுக்க ஓய்விலேயே இருக்கிறார்கள். நிறுவனம் ஓடவில்லையா?”

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாதவர்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பிறகு அட்டையில் வரைந்த ஒரு பெட்டியைக் கொடுத்து, அதில் ‘அனுப்பு’ என்ற இடத்தை முகம் சுளிக்காமல் விரலால் தொடப் பழக்கினார்கள். ஒரு பெரியவர் பழக்கதோஷத்தில் ‘வேண்டாம்’ என்பதைத் தொட்டுவிட, அவரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். ட்ராயிங்காரர் தொட்டதைப் பார்த்து அதிகாரி நெகிழ்ந்துபோய், “இவரைப் பாருங்கள், எப்படித் தொடுகிறார் பாருங்கள்” என்றார். சக மாணவர்கள் அவரை முறைத்தார்கள்.

கடைசி நாளும் வந்தது. அன்று விடிந்ததிலிருந்து அவர் வரைந்தார். இத்தனை தடவை வரைந்ததில் படம் கைக்கே பாடமாகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தூணுக்குத் தூண் போவார். காலைச் சாப்பாட்டு வேளைக்குள் முழுப் படமும் முடிந்துவிட்டது. மூலையில் பெயரை எழுதினார். இந்தத் தடவை சிறிதாக்கவில்லை. நகராட்சிக்கு அனுப்ப விரலை வைத்தார். திரை நீலமானது.

அவர் கத்தக்கூட இல்லை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பெட்டி வந்தது. அதை எழுதி அனுப்பவும் செய்தார், அது வேறு விஷயம். உடனே போன் அடித்தது.

“அண்ணே! ஒரு நல்ல சேதி! இன்னைக்கு எங்க ஆண்டு விழா. இந்த வருஷத்தோட மிகச் சிறந்த வாடிக்கையாளர் நீங்கதான்!”

“தங்கச்சி, என் படம் போச்சும்மா. முழுப் படம். இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் நேரம்.”

“கம்ப்யூட்டரையும் தூக்கிட்டு வந்துடுங்கண்ணே. தலைமை அதிகாரியே வர்றாரு. அவர் நெனச்சா ஒரு நொடியில சரி பண்ணிடுவாரு. படமும் திரும்பி வந்துடும். நான் சொல்றேன்ல?”

அவள் சொன்னால் சரிதான். அவர் பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போனார்.

மையத்தின் அரங்கம் குளுகுளுவென்று இருந்தது. தலைமை அதிகாரியே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தார். போர்வைப் பொட்டலத்தைக் காலடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் ஒல்லியாக ஒரு பெண். “நான்தாண்ணே” என்றாள். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். இவ்வளவு சின்னப் பெண்ணா என்று ஆச்சரியமாக இருந்தது. அவருக்குக் கண் கலங்கியது. அவள் அவரை நேராகப் பார்க்காமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

தலைமை அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே! ஒரு மென்பொருளில் புதிய மாற்றம் செய்தால், அது வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதை நம் அலுவலகத்திலேயே சோதித்தார்கள். நம் கணினிகள் விழுந்தன. நம் ஊழியர்கள் மனம் நொந்தார்கள். இது மனிதநேயமா? ஆகவே சோதனையை மக்களிடமே கொண்டுபோனோம். எத்தனையோ வீடுகளில் கணினிகளை விழவைத்தோம். நன்றிகெட்டவர்கள், ஒருவர்கூட உருப்படியாக ஒரு வரி எழுதவில்லை. எல்லோரும் ‘வேண்டாம்’ என்றார்கள். நான் அந்தச் சமயத்தில் சரியாகச் சாப்பிடவில்லை.”

அரங்கம் உச்சுக்கொட்டியது.

“அப்போதுதான் ஒரு அறிக்கை வந்தது. ‘வணக்கம்’ என்று தொடங்கியது. நண்பர்களே, விசிறிச் சத்தம் வரை எழுதியிருந்தார்! நம் இளம் பரிவாளர், இதோ இந்தப் பெண், அதைக் கண்டெடுத்து என்னிடம் கொண்டுவந்தார். ‘ஐயா, இவர் ஒருவர் போதும்’ என்றார். அன்றே முடிவு செய்தோம். மற்ற வீடுகளை விட்டுவிட்டோம். எங்கள் மாற்றங்கள் எல்லாவற்றையும், சரிபார்க்காத மாற்றம், பாதி எழுதிய மாற்றம், விளையாட்டுக்கு எழுதிப் பார்த்த மாற்றம் எல்லாவற்றையும், இவர் ஒருவர் வீட்டுக்கே அனுப்பினோம். ஊருக்கெல்லாம் வர வேண்டிய வீழ்ச்சியை இந்த ஒரு மனிதர் தாங்கினார்! ஆய்வாளர் அங்கே உட்கார்ந்திருந்த நேரம் மட்டும் மரியாதைக்காக நிறுத்திவைத்தோம்.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ட்ராயிங்காரர் தன் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தார். அவள் கைதட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூத்த பரிவாளராகப் பதவி உயர்வு என்று அறிவித்தார்கள். ட்ராயிங்காரர் திட்டு வாங்கியிருக்கிறார், அலைக்கழிந்திருக்கிறார், இன்ஜினியர்கள் அவர் படத்தில் தங்கள் கையெழுத்தைப் போட்டபோது பக்கத்தில் நின்றிருக்கிறார். அப்போதெல்லாம் இப்படி வலித்ததில்லை. அவர்கள் யாரும் ‘தூங்குனீங்களாண்ணே’ என்று கேட்டவர்கள் இல்லை.

அதற்குள் பின்னால் பெரிய திரை வெளிச்சமானது. “ஒவ்வொரு ஓய்வின்போதும் அவர் திரையில் இருந்ததை அப்படியே எடுத்துவந்து பத்திரப்படுத்தியிருக்கிறோம்” என்றார் தலைமை அதிகாரி.

திரையில் பஸ் நிலையக் கூடம் வந்தது. பாதிக் கூரையோடு ஒன்று. பெஞ்சுகளோடு ஒன்று. பெயரைச் சிறிதாக எழுதியது. பிறகு, காலையில் முடித்த முழுப் படம். தூண்கள், நுழைவாயில், கழிவறை, மூலையில் தெளிவாக அவர் பெயர். இத்தனை நாளாகச் செத்துப்போயின என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த கட்டடங்கள் எல்லாம் வரிசையாக, ஒரு கோடு குறையாமல் நின்றன.

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது.

“ஐயா, அந்தக் கடைசிப் படம். அதை மட்டும் எனக்கு அனுப்பிடுங்க. வேற எதுவும் வேண்டாம். இன்னும் நேரம் இருக்கு.”

தலைமை அதிகாரி அவர் தோளில் கை போட்டார். “கண்டிப்பா தர முடியாது” என்றார் அன்பாக.

“என் படம் ஐயா அது.”

“வாடிக்கையாளர் தகவலை நாங்க யாருக்கும் தர மாட்டோம். அந்த விஷயத்துல நாங்க ரொம்பக் கறார்.”

“நான்தானே அந்த வாடிக்கையாளர்?”

“அதைத்தான் எங்களால சொல்ல முடியாது. தகவல் உள்ள வந்ததுமே யாரோடதுங்கிறதை அழிச்சிடுவோம். உங்க பாதுகாப்புக்குத்தான்.”

“மூலையில என் பேர் எழுதியிருக்கே! இப்ப நீங்கதானே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க!”

“விழாவுக்காகத் தெரியும். விதிப்படி தெரியாது.” அதிகாரி கேடயத்தை அவர் கையில் திணித்தார். “சிரிங்க, போட்டோ எடுக்கிறாங்க.”

அவர் தங்கச்சியின் பக்கம் திரும்பினார். “உன்னால அனுப்ப முடியுமாம்மா?”

அவள் உதட்டைக் கடித்தாள். “முடியும்ணே. ஒரு க்ளிக்தான்.”

“அனுப்பேன்.”

“இன்னைக்குத்தான் பதவி குடுத்திருக்காங்க.”

“முதல்ல இருந்தே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்ணே.” அவள் குரல் போனில் வருகிற மாதிரியே இதமாக இருந்தது. “உங்களை மாதிரி யாரும் எழுத மாட்டாங்க. சொன்னா நிறுத்திடுவீங்கன்னு பயமா இருந்துச்சு.”

போட்டோ எடுத்தார்கள். அதில் தலைமை அதிகாரி சிரிக்கிறார், தங்கச்சி சிரிக்கிறாள், நடுவில் ஒருவர் கையில் கேடயத்தோடு எதையோ தொலைத்தவர் மாதிரி தரையைப் பார்க்கிறார்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நேராக பஸ் நிலையத்துக்குப் போய் இறங்கினார். மாலை மங்கிவிட்டிருந்தது. நகராட்சியில் கதவைச் சாத்தியிருப்பார்கள். டிக்கெட் கவுண்டருக்கு முன்னால் வரிசை நின்றது. மனைவி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவரைப் பார்த்துவிட்டு, வரிசையைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

“அனுப்பியாச்சா?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னார். கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கவுண்டர் மேடைமேல் வைத்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

“எல்லாப் படமும் அவங்ககிட்ட இருக்கா?” என்றாள்.

“இருக்கு. ஒண்ணு விடாம.”

“நாம மறுபடி மறுபடி உக்காந்து எந்தத் தூணை எங்க வெக்கலாம்னு பேசுனதெல்லாம்?”

“எல்லாம்.”

அவள் கேடயத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, “இங்க நான் அழுதா கண்ணாடி வழியா எல்லாரும் பாப்பாங்க. நீங்க முன்னாடி நடங்க, வர்றேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம், “எங்க போகணும்?” என்று கேட்டாள். குரல் மட்டும் கரகரத்தது.

அவர் கூடத்தின் நடுவில் வந்து நின்றபோது போன் அடித்தது.

“அண்ணே, நான்தான். இன்னைக்கு எங்க சேவை எப்படி இருந்துச்சு? ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லணும். இது பதிவாகுதுண்ணே.”

அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். பின்னால் ஒரு பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அது போகிறவரை காத்திருந்தார்.

“நீ என் கூடப்பிறந்தவள்னு நெனச்சுட்டேன்” என்றார்.

அவள் குரல் உள்ளே போயிருந்தது.

“அதுக்கு நம்பர் இல்லண்ணே. நம்பர் சொல்லலைன்னா பத்துன்னுதான் விழும்.”